கம்பளி போர்த்திய ஐஸ் பெட்டி

எங்கள் தோட்டத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு நின்ற ஒரே ஐஸ் பெட்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது. அதற்குக் குளிருகிறதா, காய்ச்சலா என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் கேட்டார்கள். மூக்குக்குத் தைலம் பூசிவிடச் சொன்னவர்களும் உண்டு.

அம்மா இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் அம்மா குவைத்துக்குப் போனதைப் பேசினார்கள். கடைசியில் நோயில் கிடந்ததைப் பேசினார்கள். அந்தப் பெட்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதனால் நான் சொல்கிறேன். அம்மாவை நினைத்தால் எனக்கு அழுகைதான் முதலில் வருகிறது. இதை நினைத்தால் மட்டும் நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது.

எங்கள் தோட்டம் குருவிட்ட டவுனுக்கு மேலே இருக்கிறது. பாதி ரப்பர், பாதி தேயிலை. சின்னத் தோட்டம்தான். சில லயங்கள், ஒரு மாரியம்மன் கோயில், குடிக்கவும் குளிக்கவும் மலைத் தண்ணீர் விழுகிற ஒரு பீலி, அவ்வளவுதான். நான் நடக்கப் பழகி முடிந்ததும் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். பக்கத்துக் காம்பராவில் இருந்த பெரியம்மாதான் என்னை வளர்த்தாள். அப்பாவின் அண்ணன் பெண்சாதி. அவளுக்குப் பிள்ளை இல்லை. பெரியப்பாவும் இல்லை. வாய் மட்டும் இருந்தது.

அம்மா திரும்பி வரும்போது எனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. கழுத்து நிறைய நகையோடு வருவாள், பெரிய டிவி கொண்டுவருவாள் என்று லயமே காத்திருந்தது. அம்மாவோ டவுனில் கடையை மூடிவிட்ட ஒரு ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் அவருடைய பெட்டியை வாங்கிக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மூடியை மேலே தூக்கித் திறக்கிற பெட்டி. அதற்குள் நான் காலை நீட்டிப் படுக்கலாம். காம்பராவின் கதவுக்குள் நுழையாததால் முன்திண்ணையில், இஸ்தோப்பிலேயே வைத்தார்கள். மூடியில் கூம்பு ஐஸ்கிரீம் படம் ஒட்டியிருந்தது. முதல் வாரம் முழுக்கப் பிள்ளைகள் வந்து திறந்து பார்த்துவிட்டுப் போஞ்சிக் காயைக் கண்டு முகம் வாடிப் போனார்கள்.

பெரியம்மா தன் வாசலில் நின்றுகொண்டே சொன்னாள்: "எல்லாரும் வெளிநாடு போயி தங்கம் வாங்கிட்டு வருவாங்க. இவ பொணப் பொட்டி வாங்கிட்டு வந்திருக்கா."

"நீங்க படுக்கலாம்னா இப்பவே காலி பண்ணித் தர்றேங்க்கா," என்றாள் அம்மா. அவர்கள் இரண்டு பேரும் பேசுவது எப்போதும் இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை குருவிட்டவில் பொல என்கிற சந்தை கூடும். மற்றவர்கள் காலையில் போய் வாங்கிக்கொண்டு வருவார்கள். அம்மா பொழுது சாய்கிற நேரத்தில்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். அப்போது வியாபாரிகள் சாக்கை மடிக்கத் தொடங்கியிருப்பார்கள். மிஞ்சிய போஞ்சியையும் கரட்டையும் திரும்ப லொறியில் ஏற்ற அவர்களுக்கு மனசு வராது. "கன்ன நங்கி, கெதர கெனியன்ன பே," என்பார்கள். எடுத்துக்கொள் தங்கச்சி, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று அர்த்தம். அம்மா சிங்களத்தில் சிரித்துப் பேசி முழுக் குவியலையும் வாங்கிவிடுவாள். அடுத்த நாள் அழுகிக் குப்பைக்குப் போக வேண்டியது எங்கள் தலையில் ஏறி மலைக்கு வரும்.

வந்த உடனே வேலை. கழுவி, நரம்பெடுத்து, ஒரே அளவாக வெட்டவேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது உப்புப் போட்டு, போஞ்சியை அதில் கொட்டி, பச்சை நிறம் பளிச்சென்று ஏறியதும் அரித்து எடுத்துவிடவேண்டும். அப்பா கொண்டுவந்து வைத்திருக்கும் பீலித் தண்ணீரில் உடனே போட்டு ஆறவைக்கவேண்டும். குவைத்து வீட்டில் இதற்கு ஐஸ் கட்டி போடுவார்களாம். எங்கள் பீலித் தண்ணீருக்கு ஐஸ் கட்டி தேவையில்லை. பிறகு பழைய சேலையில் பரப்பி, ஈரம் போனதும் சிலிசிலி பொலித்தீன் பையில் போட்டு, பப்பாசி இலைத் தண்டை உள்ளே விட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்து முடிச்சுப் போடவேண்டும். காற்றை உறிஞ்சுவது என் வேலை. வாயெல்லாம் கசக்கும். பையோ மரக்கறியோடு இறுக ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்க எனக்குப் பெரிய கெத்தாக இருக்கும்.

"கரண்டுக்குக் காசு கட்டி போஞ்சி வளக்குற ஒரே ஆளு ஒங்க அம்மாதான்," என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த குடம் தண்ணீருக்குப் போவார்.

பெரியம்மா இதற்கு வைத்த பேர் செத்த மரக்கறி. ஆனால் மழை தொடங்கி, கடையில் மரக்கறி கைவைக்க முடியாத விலைக்குப் போனதும், அவள்தான் முதலில் கிண்ணத்தை என் கையில் கொடுப்பாள். "ஒங்க அம்மாகிட்ட அந்தச் செத்ததுல கொஞ்சம் வாங்கிட்டு வாடி. கரட்டாப் பாத்து வாங்கு."

மற்றவர்களும் பெட்டியை விடவில்லை. மீன் வாங்கினால் கொண்டுவருவார்கள். கோயில் கமிட்டித் தலைவர் காட்டுப் பன்றி இறைச்சியைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து, "ஒரு ஓரமா வை தங்கச்சி," என்பார். அம்மா யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் மட்டும் எல்லோருடையதையும் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, மரக்கறிப் பைகளையும் வெளியே எடுத்து வைத்து, பெட்டியை மஞ்சள் தண்ணீரால் கழுவித் துடைத்து, மரக்கறியை மட்டும் திரும்ப அடுக்குவாள்.

ஒரு வருஷத் திருவிழாவில்தான் இது நடந்தது.

வைகாசி மழை சொல்லிவைத்த மாதிரி திருவிழாவுக்கே வந்தது. வெளித்தோட்டத்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, வெள்ளிக்கிழமை, குருவிட்டவுக்குப் போகிற வழியில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. ஒரு மரம் சாய்ந்து கரண்ட் கம்பியை இழுத்துக்கொண்டு விழுந்தது. அரிசியும் பருப்பும் தேங்காயும் கோயிலில் முன்பே வந்திருந்தன. அன்னதானத்துக்குச் சொல்லிவைத்த மரக்கறி மட்டும் சரிவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

கரண்ட் போன உடனே அம்மா பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். யாரையும் திறக்க விடவில்லை. அப்பாவின் கம்பளி, தன் கொழுந்தெடுக்கிற கம்பளி, சாக்கு, படங்கு என்று வீட்டில் இருந்தது எல்லாவற்றையும் அதன்மேல் போட்டுக் கயிற்றால் கட்டினாள். கம்பளி போர்த்தினால் சூடாகிவிடும், ஐஸ் சீக்கிரம் உருகிவிடும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அதே பயம்தான்.

"கம்பளி சூடு குடுக்கிறதில்ல. உள்ள இருக்கிறத வெளிய விடாது. சூடுன்னா சூடு, குளிருன்னா குளிரு," என்றாள் அம்மா.

சனிக்கிழமை காலையில் கோயில் வாசலில் கமிட்டி கூடியது. என்ன செய்வது என்று எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். பலாக்காய் இருந்தது. ஆனால் மழைக்காலம் முழுக்கப் பலாக்காய் தின்கிற சனம் நாங்கள். வந்திருக்கிற சம்பந்திகளுக்குத் திருவிழாவிலும் பலாக்காயைப் போட்டால் அந்த வெட்கம் அடுத்த திருவிழா வரை போகாது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு போய் முன்னால் நின்றாள்.

"எங்க பொட்டி நெறய மரக்கறி இருக்குங்க. போஞ்சி, கரட்டு, முட்டக்கோவா எல்லாம் இருக்கு. கரண்டு இல்லாம நாளைக்கு மேல தாங்காது. கோயிலுக்கே எடுத்துக்கங்க."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் வாயால் காற்றை உறிஞ்சிய பைகள் அம்மனுக்குப் போகப்போகின்றன.

தலைவர் தாடையைத் தடவினார். "மீன் வச்ச பொட்டியாச்சே தங்கச்சி."

"காப்புக் கட்டுக்கு முன்னாடியே கழுவியாச்சுங்க. ஒங்க எறச்சியக் குடுத்து அனுப்புன அன்னிக்கே."

சிலர் சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டார். அப்போது பூசாரி ஒரு கேள்வி கேட்டார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. முறை தெரிந்தவர், அவ்வளவுதான்.

"பச்சையா வச்சீங்களாம்மா, இல்ல சுடுதண்ணி காட்டி வச்சீங்களா?"

அந்தக் கேள்வியின் கனம் எனக்கே புரிந்தது. பச்சைக் காய் எத்தனை நாள் இருந்தாலும் காய்தான். சுடுதண்ணீரில் போட்டால் அது சமைத்தது. சமைத்ததை வைத்திருந்தால் அது பழையது. பழையதை அம்மனுக்குப் படைக்க முடியாது. பச்சையாகத்தான் வைத்தேன் என்று அம்மா சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்தவர் யார்? நான் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"சுடுதண்ணி காட்டித்தான் வச்சேங்க. காட்டாட்டி நெறம் போயிரும், சப்புன்னு இருக்கும்." அம்மாவே வழியும் சொன்னாள். "அம்மனுக்குப் பலாக்காயப் பச்சையா வெட்டித் தனிச் சட்டியில ஆக்குங்க. இது சனத்துக்கு."

பூசாரி தலையாட்டினார். "அம்மனுக்குத் தனியா ஆக்கிட்டா எனக்கு ஒண்ணும் இல்ல."

முடிந்தது என்று நான் நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"காய் கெடக்கட்டும். அந்தக் கையி வெளிநாட்டுல எந்தெந்த வீட்டு அடுப்புல கெடந்துட்டு வந்துச்சோ. அந்தக் கையால ஆக்குனத வெளியூரு சனத்துக்கு எப்புடிப் போடுறது?"

ஒருவரும் அவனைச் சும்மா இரு என்று சொல்லவில்லை. தலைவர் குடையை விரித்தார், மடக்கினார். "சனம் வாய் வைக்கலன்னா வீண் சங்கடம் தங்கச்சி. பலாக்காயே போதும். விடு," என்றார். அப்பா ஓரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அம்மாவின் கையைப் பார்த்தேன். சுத்தமான கை. நகம்கூட ஒட்ட வெட்டியிருந்தது. எங்கள் லயத்தில் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டு அடுப்புக்குப் போகிற ஒரே ஆள் அம்மாதான். அதைப் போய் ஏன் குறை சொல்கிறார்கள்? அந்தக் கை என் கையிலிருந்து மெதுவாக நழுவியது. அம்மா திரும்பி நடந்தாள்.

பெரியம்மா அந்தக் கூட்டத்தில் இல்லை. தீச்சட்டி எடுக்க நேர்ந்து காப்புக் கட்டியிருந்ததால் ஒரு வேளைச் சோறு, பாயில் படுக்கக் கூடாது, வீண் பேச்சுக் கூடாது என்று இருந்தாள். மூன்றாவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. நான் பீலிக்கு ஓடினேன். அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, அம்மா கையி சரியில்லையாம். நம்ம மரக்கறி வேணாமாம்."

"யாருடி சொன்னா?"

"பின்னால இருந்து ஒரு ஆளு. தலைவரும் வேணாம்னுட்டாரு."

அவள் அலசிய துணியைத் திரும்பவும் அலசினாள். பிறகு என் முகத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்தாள். "மூக்க சிந்து," என்றாள். அவ்வளவுதான். விரதம் என்பதால் திட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மா கயிற்றை அவிழ்த்துக் கம்பளிகளை இறக்கி மூடியைத் திறந்தாள். ஓரத்துப் பைகள் இளகியிருந்தன. நடுவில் இருந்தவை இன்னும் கல். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். கம்பளி ஜெயித்துவிட்டது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்தேன்.

அப்பா வாசலில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். இரவல் வாங்கிய பெரிய சட்டியை அவரே தூக்கி வைத்தார். மழையில் நனைந்த விறகு புகைந்தது. அவர் குனிந்து ஊதிக்கொண்டே கேட்டார்: "யாருக்குப் புள்ள ஆக்குறோம்?"

"கொட்டுறதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்? திங்கிறவங்க திங்கட்டும். யாரும் திங்காட்டி மாட்டுக்கு வைக்கிறேன்."

கடுகும் கறிவேப்பிலையும் வெடித்து, போஞ்சியும் கரட்டும் தேங்காய்ப்பாலில் கொதித்தபோது அந்த வாசனை மேட்டு லயம் வரை போனது. நிறம் அப்படியே இருந்தது. பச்சை பச்சையாக, கரட் செம்மஞ்சளாக. அம்மாவும் அப்பாவும் சட்டியைக் கம்பில் கோர்த்துத் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் வாசலின் ஓரத்தில் வைத்தார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் கிட்டே வரவுமில்லை. அம்மா சட்டிக்குப் பக்கத்தில், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். வெளியூர்ப் பிள்ளைகள் சட்டி மூடியையே பார்த்தார்கள். அவர்களுடைய அம்மாமார் அவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள்.

தீச்சட்டி வந்தது. மழையில் நனைந்த மஞ்சள் சேலையும் நெருப்புமாகப் பெரியம்மா கோயிலைச் சுற்றி வந்தபோது எனக்கே அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. தீச்சட்டியை இறக்கி, திருநீறு வாங்கி, காப்பை அவிழ்த்த பிறகு விரதக்காரர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். அதுதான் எங்கள் முறை. அவர்கள் சாப்பிட்டு விரதம் விட்ட பிறகுதான் மற்றவர்கள் இலையில் கை வைக்கலாம். அன்றைக்கு அவர்கள் வாயில் படுவது சுத்தமானதாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நேர்ந்தது பலிக்காது என்பார்கள்.

பெரியம்மாவின் இலையில் சோறு விழுந்தது. பருப்பு விழுந்தது. பலாக்காய் வாளி வந்ததும் அவள் இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள்.

"இது வேணாம். வருஷம் பூரா இதத்தான திங்கிறேன்." பிறகு கழுத்தைத் திருப்பி அம்மாவைக் கூப்பிட்டாள். "ஏண்டி, எவ்வளவு நேரம் அங்கன நிப்ப? அந்தச் சட்டியத் தூக்கிட்டு வா."

தலைவர் கிட்டே வந்து குனிந்தார். "அக்கா, நீங்க வெரதம் விடுற நேரத்துல…"

"வெரதம் இருந்தது நானா, நீங்களா தலைவரே?"

அம்மா ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கரண்டியோடு வந்தாள்.

"கரண்டியக் கீழ வை," என்றாள் பெரியம்மா. "கையால போடு."

அம்மா நின்றுவிட்டாள்.

"ஒனக்குக் காது கேக்கலயா? கையால அள்ளிப் போடுடி."

அம்மா குனிந்து கையால் அள்ளி இலையில் வைத்தாள். பெரியம்மா அதைச் சோற்றோடு பிசையக்கூட இல்லை. போஞ்சியை மட்டும் எடுத்து, கண்ணை மூடிச் சாமியை நினைத்து, வாயில் போட்டு, அவசரப்படாமல் மென்றாள். கோயில் வாசலே அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கிய பிறகு கண்ணைத் திறந்தாள்.

"உப்புக் கொறச்சல்," என்றாள். "இன்னுங் கொஞ்சம் வை."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தீச்சட்டிக்காரப் பெண் தன் இலையை அம்மாவின் பக்கம் நகர்த்தினாள். அடுத்தவளும் நகர்த்தினாள். அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். இரண்டாம் பந்தியில் வெளியூர்க்காரர்கள், மழைக்காலத்தில் இப்படி ஒரு போஞ்சி எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார்கள். தலைவர், என்னவோ தன் தோட்டத்தில் விளைந்த மாதிரி, "அதெல்லாம் இங்க ஏற்பாடு இருக்கு," என்றார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, "கரட்டப் பாத்துப் போடு தங்கச்சி," என்று இரண்டாம் தடவையும் வாங்கினார். எங்கள் சட்டியை வழித்துத்தான் எடுத்தார்கள். பலாக்காய் மிஞ்சியது.

அன்று நான் தரையில் நடக்கவில்லை. இந்தப் பைகளில் காற்றை உறிஞ்சியது நான்தான் என்று பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெரியம்மாவைத் தேடிப்போய்க் கேட்டேன், "அவ்வளவு பசியா பெரியம்மா ஒங்களுக்கு?"

அவள் வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். "ஆமாடி. பட்டினி கெடந்தவளுக்குப் பசிக்காதா?"

அதுதான் விஷயம் என்று நினைத்தேன். பசி. அதோடு எங்கள் போஞ்சியின் ருசி.

மழை விட்ட சாயங்காலத்தில் அம்மா பீலியில் உட்கார்ந்து சட்டியைத் தேங்காய்ப் பொச்சுப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் அள்ளிக் கொடுக்கப் போனேன். அவள் தோள் குலுங்குவதைக் கிட்டே போன பிறகுதான் பார்த்தேன். குவைத்திலிருந்து வந்த நாளிலிருந்து அம்மா அழுது நான் பார்த்ததில்லை. கண்ணீர் வழிய வழிய, சுத்தமாகிவிட்ட சட்டியையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை சேர்த்தது. ஒரே நாளில் பெட்டி முழுக்கக் காலி.

"அழுவாதீங்கம்மா," என்று அவள் முதுகில் கை வைத்துச் சொன்னேன். "ரோட்ட தொறந்ததும் பொலைக்குப் போவோம். போஞ்சி வாங்கி மறுபடி நெரப்பிரலாம். நான் காத்து உறிஞ்சித் தர்றேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கரி பிடித்த கையால் என் கன்னத்தைத் தடவினாள். அழுகையோடேயே சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு.

"ஆமாடி தங்கம். போவோம்."

என் ஆறுதலில் அம்மா தேறிவிட்டாள் என்ற பெருமையோடு, கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க நான் மேட்டில் ஏறி வீட்டுக்கு ஓடினேன்.